போர் விமானமும் ஜிரா டிக்கெட்டும்: ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டின் கதை

சாப்ட்வேர் எழுதுறவங்க யாருமே ஆசையா தொடாத ஒரு பொருளோட வரலாற்றைத்தான் இந்த எபிசோட்ல பார்க்கப் போறோம்: ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட். அதாவது, "இந்த சாப்ட்வேர் என்ன செய்யணும்" என்று எழுதி வைக்கிற ஆவணம். நான் வேலை பார்த்த டீம்கள்ல இது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகளா சிதறித்தான் கிடக்கும். இதை எப்படி அடுக்குறதுன்னு ரொம்ப முன்னாடியே சிலர் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. அவங்க கதை இது.

1970களின் பிற்பகுதி. அமெரிக்கக் கடற்படையிடம் ஏ-7இ என்று ஒரு தாக்குதல் விமானம் இருந்தது. அதுக்குள்ள ஐபிஎம் செஞ்ச ஒரு சின்ன கம்ப்யூட்டர். மெமரி வெறும் 16 ஆயிரத்துச் சொச்சம் வேர்டுகள்தான். அதில் ஓடிய புரோகிராம் சுமார் 12,000 அசெம்பிளி கட்டளைகள். கம்ப்யூட்டரோட இணைஞ்சிருந்த கருவிகள் 22. விமானம் எங்கே இருக்கு, குண்டை எப்போ விடணும் என்பதையெல்லாம் கணக்குப் போடுறது இந்த புரோகிராமோட வேலை.

புரோகிராம் நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா அதைப் புரிஞ்சுக்கிட்டு மாத்துறதுதான் பெரும்பாடு. வாஷிங்டனில் உள்ள கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் பார்னாஸ் என்ற ஆய்வாளர் இருந்தார். 'இன்பர்மேஷன் ஹைடிங்' பற்றி 1972இல் கட்டுரை எழுதினவர் இவர்தான். இதே புரோகிராமை நல்ல வடிவமைப்போட திரும்ப எழுதிக் காட்டலாம்னு அவரும் அவருடைய குழுவும் இறங்கினாங்க. முதல் படியிலேயே ஒரு கேள்வி நின்னுச்சு. இப்போ ஓடுற புரோகிராம் சரியா என்னதான் செய்யுது?

அதுக்கான பதில் நம்பி எடுக்கிற மாதிரி ஒரே இடத்தில் இல்லை. அந்த புரோகிராமைப் பராமரிச்சவங்க கலிபோர்னியாவில் சைனா லேக் கடற்படைத் தளத்தில் இருந்தாங்க. அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. அப்படி 1978இல் வெளிவந்ததுதான் ஏ-7இ ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட். அதன் முதன்மை ஆசிரியர் கேத்ரின் ஹெனிங்கர். அதை எப்படி எழுதினோம்னு 1980இல் தனிக் கட்டுரையாவும் அவர் எழுதினார்.

அவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட விதிகளைப் பாருங்க. வெளியில் தெரியும் நடத்தையை மட்டும் எழுதணும். உள்ளே எப்படி கோட் எழுதுறதுன்னு சொல்லக்கூடாது. சுலபமா மாத்த முடியணும். முதலிலிருந்து கடைசி வரை படிக்கிற புத்தகமா இல்லாம, தேடி எடுக்கிற அகராதி மாதிரி இருக்கணும். ஏதாவது கோளாறு நடந்தா என்ன செய்யணும்னும் சொல்லணும்.

இதுக்காக அவங்க பத்திகளைக் குறைச்சு அட்டவணைகளைக் கொண்டு வந்தாங்க. அதோட பலன் புரிய நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு சொல்றேன். ஒரு சாப்பாடு டெலிவரி ஆப். "சமையல் தொடங்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும், தொடங்கிவிட்டால் பாதி." படிக்கும்போது எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தோணும். இதையே அட்டவணையா போடுங்க. ஆர்டரோட நிலைகள் ஒவ்வொண்ணும் ஒரு வரிசை. 'டெலிவரி பண்றவர் பார்சலை எடுத்துட்டார்' என்ற வரிசை வரும்போது அந்தக் கட்டம் காலியா நிக்கும். பத்தியில் ஒளிஞ்சிருந்த ஓட்டை அட்டவணையில் பல்லை இளிக்கும்.

பெயர்களுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. உள்ளே வரும் தகவலோட பெயருக்கு இரு பக்கமும் ஒரு சாய்கோடு, வெளியே போவதற்கு இரண்டு. பார்த்தவுடனே எந்த வகைன்னு தெரியும், அதோட விளக்கத்தைப் போய் எடுத்துக்கலாம். விளக்கம் ஒரே இடத்தில் இருக்கிறதால, மாறினா அங்கே மட்டும் மாத்தினா போதும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது, விமானிகள் இதைப் படிச்சு தப்புகளைக் கண்டுபிடிச்சாங்க என்பதுதான். கோட் எழுதத் தெரியாதவங்களும் "இல்லையே, இந்த நிலையில் அது அப்படிக் காட்டாதே"ன்னு சொல்ல முடிஞ்சது. வானத்தில் தெரிய வேண்டிய தப்பு காகிதத்திலேயே மாட்டிக்கிச்சு.

அதுக்கப்புறம் வந்தவை இரண்டு வழியா பிரிஞ்சு போச்சு. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து 'டோர்ஸ்' என்ற மென்பொருள் வந்தது. இப்போ அது ஐபிஎம் பொருளா இருக்கு. ஒவ்வொரு தேவையும் அதில் தனி எண் உள்ள ஒரு பொருள். எந்தத் தேவையை எந்த டெஸ்ட் சரிபார்க்குதுன்னு இணைப்பு போட்டு வைக்கலாம். இன்னொரு பக்கம் கிரைஸ்லர் நிறுவனத்தோட சம்பளக் கணக்கு புராஜெக்ட். 1996இல் அங்கே பொறுப்பேற்ற கென்ட் பெக்கின் டீம், பெரிய ஆவணத்துக்குப் பதிலா சின்ன அட்டைகளில் 'யூசர் ஸ்டோரி' எழுதினாங்க. எழுதினவரும் பயன்படுத்துறவரும் உட்கார்ந்து பேசறதுக்கு அந்த அட்டை ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

2002இல் ஜிரா வந்தது, முதலில் பிழைகளைப் பதிவு செய்ய. கொஞ்சம் கொஞ்சமா அந்த அட்டைகளும் அதுக்குள்ள டிக்கெட்டா குடியேறின. பேச்சு குறைஞ்சுது, அட்டை மட்டும் மிச்சமாச்சு. நம்ம தலைவலி இங்கேதான் ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன். டிக்கெட் சொல்றது அன்னைக்கு என்ன மாத்தினோம் என்பதை. ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் சொல்ல வேண்டியது இன்னைக்கு என்ன நிலவரம் என்பதை. மூடின 14 டிக்கெட்டை வரிசையா படிச்சு ரீபண்ட் விதியைக் கண்டுபிடிக்கிறது, பேங்க் ஸ்டேட்மென்ட் முழுக்கக் கூட்டிக் கழிச்சு பேலன்ஸ் பார்க்கிற மாதிரி. நடுவில் ஒண்ணு விட்டுப்போனா கணக்கே தப்பு. விவரம் தெரிஞ்சவர் வேலையை விட்டுப் போயிட்டா, கேட்கக்கூட ஆள் இருக்காது. ஹெனிங்கர் குழுவுக்காவது சைனா லேக்கில் ஆள் இருந்தது.

டிக்கெட் வேண்டாம்னு நான் சொல்லலை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பக்கம், ஒரு எண், முடிஞ்சா ஒரு அட்டவணை. டிக்கெட்டை மூடுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் திருத்தியாச்சான்னு ஒரு கேள்வி. இதுக்குப் புது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஏ-7இ குழு இதைச் செஞ்சப்போ ஜிராவும் இல்லை, டோர்ஸும் இல்லை.

உங்க டீம்ல ஏதாவது ஒரு விதியை எடுத்து இந்த வாரம் அட்டவணையா போட்டுப் பாருங்க. எத்தனை கட்டம் காலியா நின்னுச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.