தறவாடுகள் பிரிந்தபோது பிறந்த அருங்காட்சியகம்

கொச்சி தேவராவில் உள்ள கேரள நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் ஜார்ஜ் ஜே. தாலியத் என்ற பழம்பொருள் வியாபாரி. ஆனால் அது பிறந்த கதை அதற்கும் முன்பே, வீடுகளில் தொடங்குகிறது.

கேரளத்தில் 1970இல் நிலச்சீர்திருத்தம் வந்தது. குத்தகை நிலம் பயிரிட்டவர்களுக்குப் போனது. 1975ஆம் ஆண்டின் சட்டமோ தறவாடு எனப்பட்ட கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டபின், நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் கொண்ட பெரிய நாலுகெட்டு வீட்டுக்கு வருடா வருடம் ஓடு மாற்றுவது யார்? வளைகுடாப் பணம் வந்ததும் பக்கத்தில் கான்கிரீட் வீடு எழும்பியது. பழையது பிரிக்கப்பட்டது. நெட்டூர்ப் பெட்டி என்ற நகைப்பெட்டியும், கிண்டி, உருளி ஆகிய பாத்திரங்களும், செதுக்கிய தூணும் உத்தரமும் வியாபாரிகளின் வண்டியேறின. இந்த வியாபாரத்துக்குப் பெயர்போன இடம் மட்டாஞ்சேரி. அங்கே வாழ்ந்த யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனபின், மிளகு மணந்த ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகின.

தாலியத் தாம் சேர்த்தவற்றை விற்றுத் தீர்க்காமல், பிரிக்கப்பட்ட பழைய கட்டடங்களின் மரத்தைக்கொண்டே அருங்காட்சியகத்தை எழுப்பினார். மரவேலைக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆசாரிகள் உழைத்தார்கள். மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று பாணிகள் மூன்று தளங்களாக நிற்கின்றன. இந்த வேலையை ஒரு தனிமனிதர் செய்தது பெரிய காரியம். அவர் வாங்காதிருந்தால் அந்த உத்தரங்களில் பல விறகாகியிருக்கும்.

இருந்தும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வியாபாரியின் வண்டி நிற்பது வசதியான வீட்டு வாசலில்தான்; விலைபோகாத குடிசைச் சாமான் அதில் ஏறுவதில்லை. தரகர், கடைக்காரர் எனக் கைமாறும்போது பொருளின் வீட்டுப்பெயரும் வழியில் உதிர்ந்துவிடுகிறது. எங்கே வாங்கினோம் என்பது இந்தத் தொழிலில் ரகசியம்.

இதற்கு மாறாக, மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் யூத ஜெப ஆலயத்தைப் பாருங்கள். அதன் உள்மரவேலைப்பாடு 1990களில் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே வைத்திருக்கும் தோரா சுருள் பேழை மட்டும் பறவூர் ஜெப ஆலயத்தினுடையது. எது எங்கிருந்து வந்தது என்பது அங்கே பதிவில் இருக்கிறது. இங்கே, மட்டாஞ்சேரியில், மரம் இழந்த அந்தக் கட்டடத்தின் முன்பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது.

தேவரா அருங்காட்சியகப் பொருள்களுக்கும் அப்படியொரு பதிவு வேண்டுமானால், பழைய தரகர்களிடமும் வீடு பிரித்த ஆசாரிகளிடமும் இப்போதே போய்க் கேட்க வேண்டும்: இந்தத் தூண் எந்த ஊரில், யார் வீட்டில் நின்றது?