மனசுக்கு வாட்ச் கிடையாது!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து பஸ் முக்கி முனகி ஏற ஆரம்பிக்கும். கொல்லிமலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதைத் தாண்டுவதற்குள், 'இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?' என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தே தீரும். திரும்பும்போதும் அதே எழுபது வளைவுதான். வாட்ச்சைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனாலும், 'அட, அதுக்குள்ள இறங்கிட்டோமா!' என்போம்.

ஏன் இப்படி? நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் நீல்ஸ் வான் டி வென் குழுவினர் 2011-ல் ஒரு பதில் சொன்னார்கள். பழகிய பாதை என்பதால் அல்ல. வேறு பாதையில் திரும்பினாலும் அப்படித்தான் தோன்றுகிறதாம். போகும்போது, 'சீக்கிரம் போயிடலாம்' என்று நினைத்து ஏமாறுகிறோம். வரும்போது, 'எப்படியும் இழுக்கும்' என்று தயாராகிவிடுகிறோம். ஆக, மனசு அளப்பது நேரத்தை மட்டுமல்ல... எதிர்பார்ப்பையும் சேர்த்துத்தான்!

சரி, வெயிலும் கடிகாரமுமே இல்லாவிட்டால்? கொல்லிமலைக் குகைகளில் சித்தர்கள் காலம் மறந்து தவமிருந்ததாகச் சொல்வார்கள். பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் சிஃப்ர், 1962-ல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியே இருந்து பார்த்தார். நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னார்கள். எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது! வெளியே வந்த நாள் செப்டம்பர் 14. அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது.

மனசை நம்பினால் மோசம் போவோம் என்பது நம்மவர்களுக்கு அப்போதே தெரியும். வல்வில் ஓரி கொல்லியை ஆண்டது சங்ககாலம். அந்தக் கால 'முல்லைப்பாட்டு' ஒரு போர்ப் பாசறையைக் காட்டுகிறது. அங்கே ராஜாவுக்கு நேரம் சொல்லவே ஆட்கள். கையில் கன்னல் என்கிற நீர்க் கடிகாரம். நாழிகை என்றால் 24 நிமிடம். தண்ணீர் சொல்வதுதான் கணக்கு. போர்க்களத்தில் நேரம் தப்பினால் உயிர் தப்பாதே!

அதே பாட்டில், அரண்மனையில் ராணி காத்திருக்கிறாள். அவளிடம் கன்னல் இல்லை. ஊர்ப்பக்கம் நற்சொல் கேட்கப் போன முதிய பெண்கள் ஒரு சேதியோடு வருகிறார்கள். ஓர் ஆயர் பெண், பசித்த கன்றுகளிடம், 'அம்மா இப்போ வந்துடும்' என்று தேற்றிக்கொண்டிருந்தாளாம். அதுதான் நல்ல சகுனம்!

அந்த 'இப்போ' எத்தனை நாழிகை? ராஜாவின் கன்னலைக் கேட்டால் ஒரு கணக்கு. கன்றைக் கேட்டால் வேறு கணக்கு. ராணியைக் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் உங்களுக்காக யாராவது காத்திருந்தால், 'பத்தே நிமிஷம்' என்று போனில் சொல்லும் முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.