மா குழைக்கும் யந்திரத்தின் கதை

பாண் உண்போர் பலர். அதன் மாவைக் குழைத்த கைகளை நினைப்போர் மிகச் சிலர். நம் பேச்சிலே வழங்கும் பாண், போறணை ஆகிய இரு சொற்களும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சொற்கள் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், போறணைக்குப் பின்னால் நின்ற மனிதனைப் பற்றி நாம் எழுதியது கொஞ்சமே.

இன்று பாணும் கேக்கும் வீட்டிலேயே செய்ய விழைவோர், கடையில் வரிசையாக நிற்கும் மின் கலவை யந்திரங்களுள் எதை வாங்குவதென்று தடுமாறுகின்றனர். வலு எவ்வளவு, பாத்திரம் எவ்வளவு கொள்ளும், விலை என்ன என்று விசாரிக்கின்றனர். விசாரிக்க வேண்டியதே. ஆனால் அந்த யந்திரம் யாருடைய வேலையைச் செய்வதற்காகப் பிறந்தது என்று கேட்டறிந்தால், அக்கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்கும் என்பது நம் கருத்து.

ரோமாபுரியில் போர்த்தா மஜ்ஜோரே என்னும் வாயிலருகே எவ்ரிசாசெஸ் என்ற பாண் முதலாளியின் கல்லறை இன்றும் நிற்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே கட்டப்பட்டது. அவன் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் என்று அறிஞர் பலர் கருதுவர். தானியம் அரைப்பது முதல் பாணை நிறுத்துக் கொடுப்பது வரை தொழிலின் எல்லாப் படிகளும் கல்லறையின் மேற்பகுதியிற் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, விலங்கு சுற்றி வர மாவைக் குழைக்கும் தொட்டி. அடிமை உழைப்பு மலிந்து கிடந்த சமுதாயத்திலேகூட இந்த வேலைக்கு யந்திரம் தேடினார்கள் என்றால், வேலையின் கடுமையை ஊகித்துக் கொள்ளலாம். கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து, இழுபட்டும் மடிபட்டும் வலைபோலப் பின்னிக் கொண்டாலன்றிப் பாண் பொங்காது. அந்தப் பின்னலை உண்டாக்குவது தோள்வலிமை. முதலாளியின் பெயர் கல்லிலே நிலைத்தது. தொட்டியருகே நிற்பவர்களுக்குப் பெயரில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனுக்கு வருவோம். 1862 இல் ட்ரெமென்ஹீர் என்னும் அரசாங்க ஆணையாளர் அந்நகரப் பாண் தொழிலாளரின் நிலை பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற் பாகத்தில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், அவ்வறிக்கையை விரிவாக எடுத்தாண்டிருக்கிறார். இரவு பதினொரு மணியளவில் தொழிலாளி மாக் குழைக்கத் தொடங்குவான். முடிந்ததும் அதே பலகையிலே, மாச் சாக்கொன்றைக் கீழே விரித்து, இன்னொன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கொண்டு இரண்டொரு மணித்தியாலம் உறங்குவான். பின்னர் எழுந்து, நிலவறை வெக்கையில் விடியும் வரை ஓய்வின்றி உழைப்பான். அத்தொழிலாளர் 42 வயதை எட்டுவதே அரிதாயிருந்ததாம்.

இதிலே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இலண்டன் கனவான்கள் முதலிற் பதறியது இந்த மனிதனுக்காகவன்று. தாம் தின்னும் பாணிலே படிகாரமும் வியர்வையும் சிலந்தி வலையும் கலந்திருக்கின்றன என்பதற்காகவே பதறினார்கள். 1863 இன் பாண் பட்டறைச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை இரவு ஒன்பது மணி தொடக்கம் காலை ஐந்து மணி வரை வேலை வாங்குவதைத் தடுத்தது. வளர்ந்தவன் கதி பழையபடியே.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரம். நியூயோர்க் மாநிலம் 1895 இற் சட்டமியற்றி, பாண் தொழிலாளியின் வேலையை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம், வாரத்துக்கு அறுபது என மட்டுப்படுத்தியது. 1905 இல் லொக்னர் வழக்கிலே உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அதை இரத்துச் செய்தது. காரணம், தொழிலாளியின் 'ஒப்பந்தச் சுதந்திரம்' பாதிக்கப்படுகிறதாம்! அறுபது மணித்தியாலத்துக்கு மேலும் உழைக்கும் உரிமையைக் காப்பாற்ற நீதியரசர் ஐவர் முன்வந்தனர்.

மூன்றாண்டுகள் கழித்து, 1908 இல், ஒஹையோ மாநிலத்து ட்ரோய் நகரில் ஹொபார்ட் நிறுவனத்தின் பொறியியலாளர் ஹேர்பர்ட் ஜோன்ஸ்டன், பாண்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவோடு மல்லாடுவதைக் கண்டு மின் கலவை யந்திரத்தைச் சிந்தித்தார் என்பர். சில ஆண்டுகளில் எண்பது குவாட் கொள்ளும் பெரிய யந்திரம் பேக்கரிகளுக்கு வந்தது. 1917 அளவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையற்கூடங்களில் அது வழமையான சாதனமாயிற்று. யுத்தத்துக்குப் போகும் ஆயிரம் வாய்களுக்கு உணவு சமைக்க வேண்டிய இடத்திலே, யந்திரத்தின் செலவைப் பற்றி யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

1919 இல் அதே நிறுவனம் 'கிச்சன்எயிட்' என்ற பெயரில் வீட்டு யந்திரத்தை வெளியிட்டது. நிறை 65 இறாத்தல். விலை 189 டொலர் 50 சதம். 1925 இல் ஃபோர்ட் நிறுவனத்தின் மிக மலிந்த மோட்டார் வண்டி 260 டொலருக்கு விற்றது என்பதை ஒப்பிட்டால், அது எந்த வர்க்கத்தின் சமையலறைக்குப் போயிருக்கும் என்பது விளங்கும். கடைக்காரர் வாங்கி வைக்கத் தயங்கவே, பெண் விற்பனையாளர் அந்தப் பாரத்தைச் சுமந்து வீடு வீடாகச் சென்று இயக்கிக் காட்டினர். வீட்டுப் பெண்ணின் சுமையைக் குறைக்க வந்த யந்திரத்தை வேறு பெண்கள் சுமந்தார்கள்.

1930 இல் சுவீடனிலிருந்து குடியேறிய ஐவர் ஜெப்சன் வடிவமைத்த சன்பீம் 'மிக்ஸ்மாஸ்டர்' இருபது டொலருக்கும் குறைந்த விலைக்கு வந்தபோதுதான் நடுத்தரக் குடும்பங்கள் இதைத் தொட முடிந்தது. அதுவும் நகரத்திலே. அக்காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளிற் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. பிரித்தானியாவிலோ, கெனத் வூட் தமது 'கென்வூட் செஃப்' யந்திரத்தை 1950 இல் அறிமுகஞ் செய்தபோது சீனியும் பட்டரும் முட்டையும் இன்னும் பங்கீட்டிலேயே இருந்தன. கேக் அடிக்க யந்திரம் வந்துவிட்டது; அடிப்பதற்குச் சாமான் இல்லை. அப்படியிருந்தும் விற்றது.

யந்திரம் வந்ததால் வீட்டு வேலை குறைந்ததா? அமெரிக்க ஆய்வாளர் ஜோன் வானெக் 1974 இல் வெளியிட்ட கணக்கின்படி, வெளி வேலைக்குப் போகாத இல்லத்தரசி 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணித்தியாலம் வீட்டு வேலை செய்தாள், 1960களில் 55. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983 இல் எழுதிய நூல் இதன் காரணத்தை ஆராய்கிறது. முட்டை அடிக்கும் கருவி வந்ததும், வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்துச் செய்யும் கேக் நாகரிகமாயிற்று. மிச்சப்பட்ட நேரத்தை உயர்ந்துவிட்ட எதிர்பார்ப்பு விழுங்கியது. முன்பு வேலைக்காரியும் கணவனும் பிள்ளைகளும் பகிர்ந்த வேலை ஒருத்தியின் தலையிலே சேர்ந்தது. யந்திரத்தைக் குறை கூறுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. அம்மியிலும் உரலிலும் தேய்ந்த கைகளை அறிந்த நமக்கு அந்த மனோபாவம் ஆகாது. உழைப்பைப் பங்கிடும் முறை மாறாத வீட்டில் யந்திரம் மட்டும் என்ன செய்யும் என்பதே நம் கேள்வி.

இந்தச் சரித்திரத்தை அறிந்தவர் கடைக்குச் சென்றால் விளம்பரப் பலகையைச் சற்று ஐயத்தோடு பார்ப்பார். பெட்டியில் எழுதியுள்ள 'வாட்' எண், யந்திரம் உறிஞ்சும் மின்சாரத்தைச் சொல்கிறதேயன்றி மாவுக்குள் இறங்கும் வலுவைச் சொல்வதில்லை. முட்டைக்கு வேகம் வேண்டும். பாண் மாவுக்கு மந்த கதியிலே தளராத முறுக்கு வலு வேண்டும். இரண்டையும் ஒரே யந்திரத்தில் எதிர்பார்ப்பவர், உள்ளேயிருக்கும் பற்சக்கரங்கள் உலோகமா, அவை தேய்ந்தால் நம் ஊரில் மாற்றக் கிடைக்குமா என்று கேட்பது நன்று. அடிக்கும் கரம், கிரகம் தன்னையும் சுற்றிச் சூரியனையும் சுற்றுவது போலச் சுழன்று பாத்திரத்தின் ஓரம் வரை எட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலுள்ள உறவினர் அனுப்பும் யந்திரம் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு உரியது. நமது 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் எரிந்துபோம். வாரத்துக்கு ஒரு கேக் மட்டும் செய்யும் வீட்டுக்குக் கையிற் பிடித்து அடிக்கும் சிறு கருவியே போதும். மற்றது அலங்காரம்.

வீட்டிலிருந்தே கேக்கும் பணிசும் செய்து விற்று நாட்சம்பளம் தேடும் பெண்களுக்கோ இந்த யந்திரம் அலங்காரமன்று, தொழிற் கருவி. அவர்கள் உத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்தையும் வாசித்தல் வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான யந்திரங்கள் பலவற்றில், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று அங்கே எழுதப்பட்டிருக்கும். பேக்கரியிலிருந்து வீட்டுக்குள் வந்த யந்திரம் அது. அதே வீட்டில் ஒருத்தி அதைக் கொண்டு பிழைக்கத் தொடங்கினால், பழுதுபார்க்கும் செலவு அவளுடையது.