கெட்டும் பட்டணம் சேர்: சென்னையின் மக்கள் அடர்த்தி குறித்த மாறுபட்ட நோக்குகள் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

பெருநகரில் நெருங்கி வாழ்வதைச் சிலர் நோயாகவும் சிலர் புகலிடமாகவும் கண்டுள்ளனர். சென்னை நகரின் வரலாற்றில் இவ்விரு நோக்குகளும் 17ஆம் நூற்றாண்டு முதல் அருகருகே இருந்துவந்துள்ளன. இவை தனிமனித விருப்பு வெறுப்பிலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல. நெருக்கத்திலிருந்து விலகிச்செல்லும் வசதி யாருக்கு இருந்தது என்பதையும், நகருக்கு வந்தவர் எதை விட்டு வந்தார் என்பதையும் பொறுத்து அமைந்தவை. அடர்த்தி, நெரிசல் என்னும் இரண்டையும் ஒன்றாகக் கருதியதன் விளைவு இன்றைய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் வரை தொடர்வதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சென்னை, மக்கள் அடர்த்தி, தோட்ட வீடு, நகரத் திட்டமிடல், ஒண்டுக்குடித்தனம், மறுகுடியமர்வு.

முன்னுரை

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது தமிழ்ப் பழமொழி. வாழ்வு நொடித்தவனுக்குப் பட்டணமே கதி என்னும் நம்பிக்கை இதில் உள்ளது. நகரத்தைப் பற்றிய மற்றொரு பேச்சு வழக்கோ அதனை நரகத்தோடு ஒப்பிடுகிறது. ஒரே சமூகத்தில் இவ்விரு கூற்றுகளும் வழங்குவதை முரண்பாடு என்று ஒதுக்கிவிட இயலாது. ஒவ்வொன்றும் யாருடைய வாழ்நிலையிலிருந்து எழுந்தது என்பதே வரலாற்று ஆய்வுக்குரிய வினாவாகும்.

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை 5,09,346. அன்றைய நகரின் பரப்பு ஏறத்தாழ 27 சதுர மைல். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 7,000 பேர். 2011இல் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 46,46,732 பேர் வாழ்ந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கும் மேல். இவ்வளர்ச்சியைப் புள்ளிவிவரம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்நெருக்கத்துக்குள் வாழ்ந்தோரும் அதற்கு வெளியே நின்றோரும் அதனை எவ்வாறு கண்டனர் என்பதை அறிய வேறு சான்றுகளை நாட வேண்டியுள்ளது.

1. வடமொழி நூல்கள் காட்டும் இரு பார்வைகள்

ஐரோப்பியர் குடியேற்றத்தால் உருமாறிவந்த இந்நிலப்பகுதியைப் பற்றிய இருவேறு பார்வைகளை ஒரே நூலில் காணமுடிகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த அரசாணிப்பாலையைச் சேர்ந்த வேங்கடாத்வரி 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'விசுவகுணாதரிச சம்பு' என்பதே அந்நூலாகும். வானூர்தியில் செல்லும் கந்தருவர் இருவரின் உரையாடலாக அமைந்த இதில், கிருசானு எதிலும் குறை காண்பவன். விசுவாவசு எதிலும் நிறை காண்பவன். திருவல்லிக்கேணிப் பகுதியைக் கடக்கும்போது அங்குக் குடியேறியுள்ள ஐரோப்பியரைக் கிருசானு இகழ்கிறான். அவர்கள் பிறர் பொருளை வலிந்து பறிப்பதில்லை என்றும் வியத்தகு பொருள்களைச் செய்பவர்கள் என்றும் விசுவாவசு போற்றுகிறான்.

1800ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படுவதும் வே. ராகவனால் பதிப்பிக்கப்பட்டதுமான 'சர்வதேவ விலாசம்' என்னும் நூலிலும் அறிஞர் இருவரே நகரைச் சுற்றிவருகின்றனர். ஆனால் இங்குப் பட்டணம் புரவலர்களும் இசையும் ஆடலும் கோயில் விழாக்களும் நிறைந்த இடமாகக் காட்சியளிக்கிறது. அரசவை ஆதரவு தேய்ந்துவந்த காலத்தில் புலவர்க்கும் கலைஞர்க்கும் பட்டணத்துச் செல்வர்களே புகலாயினர். பலவகை மக்கள் ஓரிடத்தில் குவிந்திருந்ததே இப்புதிய புரவல் முறைக்கு அடிப்படையாயிற்று எனலாம்.

2. தோட்ட வீடும் கறுப்பர் நகரமும்

1639இல் கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற மணல் திட்டில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. அதன் வடபுறத்தில் நெசவாளர், வணிகர், துபாஷிகள் முதலியோர் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம் எனப்பட்டது. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த சென்னை 1749இல் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. கோட்டைச் சுவரை ஒட்டிய வீடுகள் எதிரி மறைந்து தாக்க இடம் தரும் என்பதால் பழைய கறுப்பர் நகரம் இடித்து அகற்றப்பட்டது. முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதிகளில் புதிய கறுப்பர் நகரம் வளர்ந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன் அதுவேயாகும். நெருங்கிய குடியிருப்பு ஒன்றை ஆட்சி தன் தேவைக்காக அகற்றியதற்கு இந்நகர வரலாற்றில் இது ஒரு முற்பட்ட சான்றாகும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் கோட்டைக்குள் வாழ்வதை விடுத்து எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு முதலிய இடங்களில் பரந்த தோட்ட வீடுகளை அமைத்துக்கொண்டனர். இந்தியச் செல்வர் சிலரும் இவ்வழியைப் பின்பற்றினர். பகலில் கோட்டையிலும் கறுப்பர் நகரத்திலும் தொழில், மாலையில் மரநிழல் சூழ்ந்த தோட்ட வீடு என்பது அவர்களின் வாழ்க்கை முறையாயிற்று. நெருக்கத்தின் பயனை நுகர்ந்துகொண்டே அதன் துன்பத்திலிருந்து விலகியிருக்க வண்டியும் குதிரையும் பணியாளரும் உதவினர். அப்பணியாளர்களோ தோட்ட மதில்களுக்கு வெளியே சிறு குடிசைத் தொகுதிகளில் வாழ்ந்தனர். ஆதலின் 1901ஆம் ஆண்டுக்குரிய 7,000 என்னும் சராசரி, ஒருபுறம் பல ஏக்கர் தோட்டத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தையும் மறுபுறம் ஒரே வீட்டில் நெருங்கி வாழ்ந்த பல குடும்பங்களையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவம் பெரிதும் நம்பியது. இந்நம்பிக்கை தோட்ட வீட்டு நோக்குக்கு அறிவியல் தோற்றம் அளித்தது. காலராவின் காரணம் குடிநீர் மாசு என்பது பின்னர் உறுதிப்பட்டது. எனினும் வீடுகளின் நெருக்கமே நோயின் ஊற்று என்னும் எண்ணம் நிர்வாகத்தின் மனத்தில் நிலைத்துவிட்டது. குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் இல்லாமை என்ற குறை, மக்கள் மிகுதி என்ற குறையாக மாற்றி உணரப்பட்டது.

3. புகலிடமாகிய நெருக்கம்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் உள்மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் சென்னையை நோக்கி வந்தனர். அவர்களுக்குப் பட்டணத்தின் நெருக்கம் கஞ்சித்தொட்டியும் கூலிவேலையும் கிடைக்கும் இடம் என்றே பொருள்பட்டது. அடுத்து எழுந்த பெரம்பூர்ப் பகுதி நூற்பாலைகள் நிலையான கூலித் தொழிலாளர் வர்க்கத்தை உருவாக்கின. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறைசார் தொழிற்சங்கங்களுள் ஒன்றாகும். ஆலைக்கு அருகே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்தமை சங்கம் கூடுவதற்கும் செய்தி பரவுவதற்கும் துணைசெய்தது.

ஒடுக்கப்பட்ட சாதியினரின் நோக்கு இங்குத் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் சென்னையிலிருந்தே தொடங்கினர். அச்சகமும் வாசகரும் கல்விக்கூடமும் அரசு அலுவலகமும் எட்டும் தொலைவில் இருந்த இடத்திலேயே இத்தகைய முயற்சி கைகூடியது. நகரிலும் தீண்டாமை நிலவியது. சேரி தனித்தே இருந்தது. எனினும் ஒவ்வொருவரையும் ஊரார் அறிந்திருக்கும் சிற்றூரைவிட, ஒருவரையொருவர் அறியாத பட்டணத் தெருவில் கட்டுப்பாடு சற்றே தளர்ந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு அவையில் அம்பேத்கர் கிராமத்தை இலட்சியமாக்கும் போக்கைக் கடுமையாக மறுத்ததை இப்பின்னணியில் வைத்து நோக்கவேண்டும். கிராமத்தின் திறந்த வெளி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதே அம்மறுப்பின் உட்பொருளாகும்.

4. கெடஸும் தியாகராய நகரும்

1914இல் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரத் திட்டக் கண்காட்சிப் பொருள்களைச் சுமந்துவந்த கப்பல் எம்டனால் மூழ்கடிக்கப்பட்டது. வேறு பொருள்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தப்பட்டது. தொடர்ந்து அவர் தஞ்சாவூர் உள்ளிட்ட மாகாண நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் அளித்தார். நெருங்கிய பழந்தெருக்களை இடித்து நேர்ச்சாலை போடும் வழக்கத்தை அவர் எதிர்த்தார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் நீக்கி, அங்கங்கே சிறு வெளிகளை உண்டாக்கி, ஏனையவற்றைப் பழுதுபார்த்துக் காப்பதே செலவிலும் நன்மையிலும் சிறந்தது என்பது அவர் கருத்து. குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. நெருக்கமான குடியிருப்புக்குள் ஓர் உயிரோட்டமான சமூக ஒழுங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட திட்டமிடல் இது.

1920இல் சென்னை நகரத் திட்டச் சட்டம் நிறைவேறியது. அதனையடுத்து உருவான தியாகராய நகர் கெடஸின் வழியைப் பின்பற்றவில்லை. மயிலாப்பூர் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் அகன்ற சாலைகளும் தனி வீட்டு மனைகளும் நடுவே பனகல் பூங்காவும் கொண்ட புறநகர் அமைந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும் இத்தகைய புறநகர் வாழ்வு நடுத்தர வர்க்கத்தாருக்கும் எட்டியது. தோட்ட வீடு சிறிய அளவில் அவர்களுக்கும் கிடைத்தது எனலாம்.

இடப்பெயர்களும் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன. பழைய சென்னையின் பெயர்கள் பாக்கம், பேட்டை, குப்பம், சேரி என முடிபவை. 20ஆம் நூற்றாண்டுப் புறநகர்கள் தியாகராய நகர், காந்தி நகர் என 'நகர்' என்னும் சொல்லைப் பெற்றன. நகரின் நெருக்கத்திலிருந்து விலகிய இடமே 'நகர்' எனப்பட்டது. எனினும் அவ்விலக்கம் நிலைக்கவில்லை. அமைதிக்காக வகுக்கப்பட்ட தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு இன்று நகரிலேயே மிக நெரிசலான கடைவீதிகளுள் ஒன்று. தனி வீடுகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன.

5. ஒண்டுக்குடித்தனம்

1941இல் 7,77,481 ஆக இருந்த மக்கள்தொகை 1951இல் 14,16,056 ஆயிற்று. இடையில் நகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இதற்கொரு காரணமாகும். இக்கால வாழ்வைக் குறிக்கும் சொல் 'ஒண்டுக்குடித்தனம்'. ஒண்டுதல் என்பது பிறர் இடத்தில் ஒடுங்கி ஒதுங்குதல். ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு கழிப்பறை, அதனைச் சுற்றிப் பல குடும்பங்கள் என்ற இவ்வமைப்பின் மனத்தாங்கலைச் சொல்லே சுமந்து நிற்கிறது.

புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' சாலையோரம் ஒருவன் இறந்துகொண்டிருக்கக் கூட்டம் தன் போக்கில் செல்லும் நகரைக் காட்டுகிறது. அவரே எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், பிராட்வே முனையில் சந்தித்த முன்பின் அறியாதவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துவிடுகிறார். நெருக்கத்தின் ஈரமின்மையும் அதன் எதிர்பாராத உறவும் ஒரே எழுத்தாளரிடம் இடம்பெற்றுள்ளன. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் துன்பத்தின் வேர் தண்ணீர்ப் பஞ்சமாகும். அத்துன்பத்தினூடே பெண்களுக்கிடையே ஒட்டுறவும் பிறக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களோ வேலை தேடி வந்த இளைஞர்க்குக் குறைந்த வாடகையையும் மெஸ் சாப்பாட்டையும் துணையையும் ஒருங்கே தந்தன.

6. மறுகுடியமர்வு: இடம்பெயர்ந்த அடர்த்தி

1970இல் தமிழ்நாடு குடிசைமாற்று வாரியம் தோன்றியது. 1971இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. தொடக்கக் காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித்தரப்பட்டன. 1977 முதல் உலக வங்கி உதவியுடன் நடந்த திட்டத்திலும், இருக்கும் இடத்திலேயே குடிநீர், பாதை, கழிப்பிட வசதி செய்துதருவது ஒரு கூறாக இருந்தது. அடர்த்தியைக் குலைக்காமல் நெரிசலின் தீமையைக் குறைத்த முயற்சிகள் இவை.

2000ஆம் ஆண்டளவில் போக்கு மாறியது. நகரின் தென்கோடிக்கு அப்பால் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளும் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையில் வாழ்ந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. ஆற்றங்கரை வாழ்வின் ஆபத்து உண்மையானது. ஆனால் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியதே. அங்கு எட்டு மாடிக் கட்டடங்களில் மக்கள் மிக நெருங்கியே வாழ்கின்றனர். ஆகவே அடர்த்தி குறைக்கப்படவில்லை. நகரின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தப்பட்டது. அடர்த்தியோடு சேர்ந்திருந்த நன்மைகளான வீட்டுவேலை கிடைக்கும் தெரு, மீன்கூடை விற்கும் சந்தை, நடந்து செல்லும் பள்ளி ஆகியவை மட்டும் உடன் வரவில்லை. தோட்ட வீட்டுக்காரர் தம் விருப்பால் மேற்கொண்ட விலக்கத்தை இவர்கள் விருப்பின்றி ஏற்கவேண்டியதாயிற்று. அவ்விடத்துக்கும் 'நகர்' என்னும் பெயரே இடப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

இதே காலத்தில் நகரின் பிற பகுதிகளில் அடர்த்தி வரவேற்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப் பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. மனை உடையவர்க்கு நெருக்கம் செல்வமாகவும், மனை இல்லாதவர்க்கு அதுவே அகற்றப்படுவதற்கான காரணமாகவும் அமைந்தது.

முடிவுரை

சென்னையின் வரலாற்றில் அடர்த்தி குறித்த நோக்குகள் வாழ்நிலையோடு பிணைந்தே மாறியுள்ளன. விலகிச்செல்லும் வசதி பெற்றோர் நெருக்கத்தை நோயாகக் கண்டனர். பஞ்சத்துக்கும் சாதிக்கட்டுக்கும் தப்பி வந்தோர் அதனைப் புகலாகக் கண்டனர். இடையில் ஒண்டுக்குடித்தனத்தார் அதனைத் துன்பமாகவும் துணையாகவும் ஒருசேர உணர்ந்தனர். நிர்வாகம் பெரும்பாலும் முதல் நோக்கையே ஏற்று, நீரும் கழிவகற்றலும் இல்லாத நெரிசலையும் மக்கள் கூடிவாழும் அடர்த்தியையும் பிரித்தறியத் தவறியது. கெடஸின் அறிக்கைகளும் 1970களின் வாரியப் பணிகளும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலும் என்பதற்குச் சான்றுகளாக உள்ளன. 'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழி, கெட்டு வந்தவனுக்குப் பட்டணத்தின் நடுவில் இடம் இருந்த வரையில்தான் பொருளுடையதாக இருந்தது. அவ்விடம் சுருங்கிய வரலாற்றை விரிவாக ஆராய்வது சென்னை ஆய்வுகளின் அடுத்த கட்டத் தேவையாகும்.