புத்தளக் கரையோரமும் உளத்தாதியமும்: ஒரு வரலாற்று நோக்கு

உளத்துயரை அளந்தறியும் முறைகள் வரலாற்றுக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் வலுவாக உள்ளது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் அனுபவம் அதற்கு மாறானது.

1873ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் உளநோயாளரைச் சிகிச்சைக்குரியவராகவன்றி, காவலுக்குரியவராகவே கண்டது. 1926இல் அங்கொடையில் எழுந்த வைத்தியசாலையும் இந்நோக்கின் நிழலிலேயே வளர்ந்தது. ('அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் ஈழத்துப் பேச்சு வழக்கில் வசைச் சொல்லாயினமை தற்செயலன்று.) அங்குத் தாதியம் பெரும்பாலும் பூட்டும் திறப்புமாகவே அமைந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் தங்கினர். வணிகரும் தையற்காரரும் நிலமுடையோரும் வெங்காயத் தோட்டங்களின் நாட்கூலிகளாயினர். அக்கூலிக்கு ஏற்கெனவே காத்திருந்த உள்ளூர் ஏழைகளோடு போட்டியிடவும் நேர்ந்தது.

இம்மக்களிடையே நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று நம் கவனத்துக்குரியது. 450 பேருள் 18.8 வீதத்தினரிடம் பொதுவான உளக்கோளாறுகள் காணப்பட்டன. போரின் நினைவோடு வழக்கமாக இணைத்துப் பேசப்படும் நெருக்கீட்டுக் கோளாறோ 2.4 வீதமே. உடல்நோவாக வெளிப்படும் கோளாறு 14 வீதம். வேலையின்மை, உணவுப் பற்றாக்குறை, துணையை இழந்தமை ஆகியவை நோயுடன் தொடர்புற்றிருந்தன. தொடர்பைக் காரணமென்றே கொள்ளுதல் தகாது. நோயும் வேலையைப் பறிக்கலாம். ஆயினும் இருபதாண்டு கழிந்த பின்னரும் துயர் கடந்தகால நினைவில் மட்டுமன்றி, அன்றாட வயிற்றிலும் உறைந்திருந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

2005இன் தேசிய உளநலக் கொள்கை சிகிச்சையைப் பெருநிலையங்களிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்க முனைந்தது. சமூக உளநலத் தாதி வீட்டு வாசலுக்குச் செல்பவராகக் கருதப்பட்டார். நெஞ்செரிவையும் கைகால் உளைவையும் சொல்பவரிடம் அவர் கேட்க வேண்டிய வினாக்கள் படிவத்தில் உள. படிவத்துக்குப் புறத்தே நிற்கும் கூலியையும் காணியையும் பற்றி அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

தாதியின் சோர்வையும் இன்று அளக்கின்றனர். 1981இல் அமெரிக்காவில் உருவான மாஸ்லாக் அளவுகோல், எதிரிலிருப்பவரை ஆளாகக் கருதாத மனநிலையைத் தொழிற்சோர்வின் கூறுகளுள் ஒன்றாகக் கணக்கிடுகிறது. நோயாளரை ஆளாகக் கருதாமை 1873இலேயே சட்டமாக்கப்பட்டிருந்தது. அது தாதியின் உள்ளத்தில் தோன்றியதன்று.