பேரேட்டில் இல்லாத பெயர்கள்

ஒருவன் இறந்தான் என்னும் செய்தியைக் கேட்பதற்கு எவரும் இல்லாதபோது, அச்சாவுக்குப் பொறுப்பாளர் யார்? இவ்வினாவைச் சட்டத்திடம் கேட்டால் அது சுருக்கமாகவே விடை பகரும். உறவினர், உடனிருந்தவர், வீட்டுக்குரியவர், உடலைக் கண்டவர் என ஒரு வரிசையை வகுத்து, அவர்களுள் ஒருவர் பதிவாளர்க்கு அறிவித்தல் கடமை என்று அது கூறும். அவ்வரிசையில் ஒருவருமே இல்லாத இடத்தில் சட்டம் வாய் மூடி நிற்கும். அங்கே நாம் வரலாற்றையே வினவுதல் வேண்டும். மலாயாத் தமிழர் வரலாற்றில் அவ்வினாவைப் பேரளவில் எழுப்பிய நிகழ்ச்சி, 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட சயாம்–பர்மா இரயில் பாதையாகும்.

அதற்கு முன்னர் நம் தோட்டங்கள் ஆட்களை எவ்வாறு எண்ணின என்பதை அறிதல் நலம். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூடும். கிராணி செக்ரோல் ஏட்டைப் பார்த்துப் பெயர் அழைப்பார். ஒருவன் வரவில்லையெனில் கங்காணி லயத்துக்குச் சென்று காரணம் கேட்பார். இக்கணக்கு கூலியைக் கருதி எழுதப்பட்டதேயன்றி மனிதனைக் கருதி எழுதப்பட்டதன்று. ஆயினும் ஒருவன் இல்லாமை அன்று காலையிலேயே தெரிந்துவிடும். ஒற்றைச் சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள் வாழ்ந்த லயத்தில், திறவாத கதவு எதுவும் நெடுநேரம் மறைந்திருக்க இயலாது.

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் நீங்கினர்; இரப்பருக்குச் சந்தை இல்லாதொழிந்தது; தோட்டங்களில் பசி புகுந்தது. பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல் வழியே பொருள் அனுப்புதல் இடர்மிக்கதாக இருந்தமையால், ஜப்பானிய இராணுவம் சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளம் இடத் துணிந்தது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டி முதலில் ஆள் திரட்டினர். ஆசை பலிக்காத இடத்தில் அச்சம் பயன்பட்டது. மூடிய சரக்கு வண்டிகளில் தோட்டத்து மக்கள் வடக்கே கொண்டு செல்லப்பட்டனர்.

அங்கே அவர்களோடு அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளும் உழைத்தனர். பசியும் காலராவும் மலேரியாவும் இரு சாராரையும் தாக்கின. ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. கைதிகளுக்குத் தம் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் உடனிருந்தனர். இறந்தவன் பெயர், எண், புதைத்த இடம் ஆகியவற்றை அவர்கள் மறைவாகக் குறித்து வைத்தனர். அதனால் 1945ஆம் ஆண்டு தேடிச் சென்ற குழுவினர், குறிக்கப்பட்டிருந்த 10,549 கல்லறைகளுள் 52 தவிர ஏனையவற்றையெல்லாம் கண்டனர். தோட்டத் தொழிலாளிக்கோ, பெயர் குறிக்க ஓர் அதிகாரி இல்லை. உடன் வந்தவர் மாண்டபின் எஞ்சியவன், மொழியறியாத காட்டில் தனியன் ஆனான். அவன் இறந்தபோது, அவன் எந்தத் தோட்டத்தான், யாருக்கு மகன் என்று சொல்ல ஒரு நாவும் இல்லை.

போருக்குப் பின் பிரிட்டிஷார் வகுத்த கணக்கு, மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர் என்றும், இறந்தோர் 29,000க்கும் மேற்பட்டோர் என்றும் கூறுகிறது. சென்றோருள் பெரும்பாலோர் தமிழர். இறந்தோர் தொகை இதனினும் மிகுதி என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அதே கணக்கில் 24,000க்கும் மேற்பட்டோர் 'ஓடிப்போனவர்' என்னும் தலைப்பில் நிற்கின்றனர். மாணவர்கள் இச்சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். தப்பிப் பிழைத்தவனும் அதில் உண்டு. காட்டில் விழுந்து மடிந்தவனும் அதில் உண்டு. சாட்சி இல்லாத சாவு, ஏட்டில் ஓட்டமாக மாறிவிடுகிறது.

ஆயின் பொறுப்பாளர் யார்? முதற் பொறுப்பு, மனிதனை அவன் சுற்றத்தினின்றும் பிரித்துக் கொண்டுபோனவனுடையது. தனிமை அம்மனிதன் தேடிக்கொண்டதன்று; அவன்மீது சுமத்தப்பட்டது. ஆகவே அவனை எண்ணும் கடமையும் சுமத்தியவனையே சாரும். அடுத்த பொறுப்பு, திரும்பி வந்த அரசுக்கும் தோட்ட நிறுவனங்களுக்கும் உரியது. எண்ணிக்கையைத் தொகுத்தவர்கள், தோட்டந்தோறும் சென்று பெயர்களையும் தொகுத்திருக்கலாம். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும், தொழிலாளர்க்கு வெறும் தொகையும் எஞ்சியமை தற்செயலன்று. அஃது ஒரு மதிப்பீட்டின் விளைவாகும்.

மூன்றாம் பொறுப்பு நம்முடையது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரை எழுத்தில் நிறுத்தின. 2023ஆம் ஆண்டு, காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில், இறந்த தமிழர்க்கு நடுகல் நிறுவப்பட்டது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துள்ளது. போர்க்களத்தில் பட்ட வீரனுக்குரிய அச்சிறப்பு, எண்பது ஆண்டுகள் கழித்தாயினும் உழைத்து மடிந்தவனுக்கும் கிட்டியது. எனினும் பண்டைய நடுகற்களுள் பல, பட்டவனின் பெயரையும் பீடையும் தாங்கி நின்றன. இக்கல்லோ ஆயிரக்கணக்கானோர்க்குப் பொதுவாக நிற்கிறது. பெயர்களைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை.

இஃது இறந்த காலக் கதை மட்டுமன்று. பேராக்கில் தோட்டங்கள் பல கைமாறின. இரப்பர் சாய்ந்த இடத்தில் செம்பனையும், செம்பனை சாய்ந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தன. லயங்கள் கலைந்தன, மக்கள் ஈப்போ முதலிய நகரங்களின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பெரட்டு அழைத்த குரல் ஒழிந்தது நன்றே; அஃது அடிமைத்தளையின் குரல். ஆனால் ‘இன்று இவரைக் காணோமே’ என்று கேட்ட அண்டை வீட்டுக் குரலும் அதனுடன் ஒழிந்துபோக விடலாகாது. பிள்ளைகள் தொலைவில் வாழத் தனித்திருக்கும் முதியவரின் கதவு, இரண்டு நாள் திறவாதிருந்தால் அறிவதற்கு ஒருவர் வேண்டும். சயாம் காட்டில் அந்த ஒருவரை வன்முறை அகற்றியது. நகரத்தில் நம் அயர்வே அகற்றிவிடும்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இங்கே இரு பணிகள் உள. முதலாவது, தத்தம் குடும்பத்தில் சயாமுக்குச் சென்று மீளாதவர் உண்டா எனக் கேட்டு, பெயர், தோட்டம், உறவு ஆகிய மூன்றையும் எழுதி வைத்தல். அறிந்த முதியோர் அருகி வருவதால் இப்பணிக்குக் காலம் குறைவு. இரண்டாவது, தம் குடியிருப்பில் தனித்து வாழ்வோரின் பெயர்களை அறிந்து, வாரம் ஒருமுறையேனும் அவர்தம் வாயிலில் நின்று குரல் கொடுத்தல். முன்னது இறந்தவர்க்கு நாம் செலுத்தும் கடன்; பின்னது இருப்பவர்க்குச் செலுத்தும் கடன். வகுப்பறையில் நாள்தோறும் பெயர் அழைத்து, வராதவனை ஏன் வரவில்லை என்று வினவும் வழக்கம் ஆசிரியர்க்குப் புதியதன்று. அவ்வழக்கம் பள்ளி வாயிலைக் கடந்து தெருவுக்கும் செல்லட்டும்.