எரிபொருள் அழுத்தச் சோதனை

தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு வரும் பெட்ரோல் போதிய அழுத்தத்தோடு வருகிறதா, வந்த அழுத்தம் நிற்கிறதா என்று கேஜ் பூட்டிப் பார்ப்பதே எரிபொருள் அழுத்தச் சோதனை. மேடேறும்போது வண்டி இழுக்காமல் திணறினாலோ, காலையில் நாலைந்து முறை சாவியைத் திருப்பிய பிறகே ஸ்டார்ட் ஆனாலோ, பட்டறையில் முதல் பழி ஃபியூவல் பம்ப் மீது விழும். பம்பை மாற்றிய பிறகு, அடைத்துக்கொண்டது ஃபில்டர்தான் என்று தெரியவருவதும் உண்டு.

கார்புரேட்டர் காலத்தில் இந்தச் சோதனைக்கு அவ்வளவு மவுசு இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தை நிரப்ப 4 முதல் 7 பிஎஸ்ஐ போதும். டயரில் அடிக்கும் காற்றே 30 பிஎஸ்ஐ இருக்கும். 1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மின்னணு இன்ஜெக்ஷன் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்ததும் கதை மாறியது. இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறப்பது என்று முடிவுசெய்யும் மின்னணுக் கருவி, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பியே கணக்குப் போடுகிறது. அழுத்தம் இறங்கினால் அதே நேரத்தில் குறைவான பெட்ரோலே பாயும்.

வேலை தொடங்குமுன் குழாயில் தேங்கிய அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவார்கள். சூடு ஆறியதும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ஃபியூவல் ரெயிலில் டயர் வால்வைப் போன்ற ஷ்ரேடர் வால்வு இருந்தால் கேஜை அதில் முறுக்கலாம்; இல்லையென்றால் ஹோஸைக் கழற்றி இடையில் டி-இணைப்பு கொடுக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இதில் கைவைக்கக் கூடாது. கேஜின் முள்ளை அசைப்பது பெரும்பாலும் 1849இல் பாரிஸில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அதே வளைகுழாய்தான்.

ஃபியூஸைத் திரும்பப் போட்டுச் சாவியை ஆன் செய்தால் பம்ப் ஓரிரு விநாடி ஓடும். இன்ஜினின் வெற்றிடத்துக்கேற்ப அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள, சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் கொண்ட பல எம்பிஎஃப்ஐ கார்களில் முள் 3 பார், அதாவது சுமார் 43 பிஎஸ்ஐயில் நிற்கும். ஐடிலிங்கில் அது 2.5 பாருக்கு இறங்கும். ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைப் பிடுங்கினால் பழைய இடத்துக்கே ஏறும். அந்தக் குழாயில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அழுத்தம் குறைவாக இருக்கும்போது தொட்டிக்குத் திரும்பிச் செல்லும் ஹோஸை ஒரு கணம் நெரித்ததும் முள் துள்ளினால், பம்ப் நல்லதுதான், குற்றவாளி ரெகுலேட்டர்.

இன்ஜினை அணைத்த பிறகும் கேஜைக் கழற்றக் கூடாது. முள் மடமடவென்று விழுந்தால் பம்பின் ஒருவழி வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ, ரெகுலேட்டரோ காரணம். காலைநேரத் தகராறின் வேர் பல வண்டிகளில் இதுவே.

பாதி அடைத்த ஃபில்டர் இதற்கெல்லாம் அகப்படாமல் தப்பிவிடும். நின்ற இடத்தில் முள் ஒழுங்காக நிற்கும்; ஆக்ஸிலரேட்டரை மிதித்து மேடேறினால் சரியும். அதனால்தான் அனுபவசாலி மெக்கானிக்குகள் நீண்ட ஹோஸுள்ள கேஜைக் கண்ணாடியின் வெளிப்புறம் டேப் ஒட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டே முள்ளைக் கவனிக்கிறார்கள்.

நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜின்களிலும் காமன்ரெயில் டீசல்களிலும் ரெயில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். டீசலில் ஆயிரத்தையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துவிடும் என்பதால் அங்கே குழாயைத் தளர்த்தாமல், ரெயில் சென்சார் சொல்லும் அளவை ஸ்கேனரில் படிக்கிறார்கள். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களின் தொட்டிக்குள் இருக்கும் குறையழுத்த பம்பைச் சோதிக்க மட்டும் பழைய கேஜே இன்றும் வெளியே வருகிறது.